3.4.7-க்கு எழுதிய குறிப்பு

அலுவலகத்தில் அவளுக்கு ‘அவசரம்’ என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள். காபியைக்கூட ஆறவிட மாட்டாள். வாயைச் சுட்டுக்கொண்டு அடுத்த வேலைக்கு ஓடுவாள். ஆஸ்பத்திரிகளுக்கு மருந்துச் சீட்டு அச்சடிக்கும் மென்பொருளைச் செய்கிற சின்ன நிறுவனம் அது. எந்தத் திருத்தம் எந்த ஆஸ்பத்திரிக்கு எப்போது போகவேண்டும் என்று பார்ப்பது அவள் பொறுப்பு.

அன்று காலை பத்தே முக்காலுக்கு ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டிலிருந்து தலைமை நர்ஸ் கூப்பிட்டார்.

“சீட்டுல மருந்தோட அளவு தப்பா வருதும்மா. ஒரு குழந்தைக்கு எடையைத் தப்பாப் போட்டுட்டு, உடனே திருத்திட்டோம். திரையில புது எடைதான் இருக்கு. சீட்டுல பழைய எடைக்கான அளவு அடிக்குது.”

“மருந்து குடுத்துட்டீங்களா, சிஸ்டர்?”

“இல்ல. ஊசி போடப் போன பொண்ணு, இத்தனூண்டு குழந்தைக்கு இவ்வளவான்னு நின்னுட்டா. அவ கைக்குத் தங்கத்துல காப்புதான் போடணும். சீட்டு அடிக்கறதையே நிறுத்திட்டேன். முப்பத்தொரு குழந்தைங்க இருக்கு. ரெண்டு மணிக்கு அடுத்த வேளை மருந்து. கையால கணக்குப் போட்டா ஒவ்வொண்ணையும் ரெண்டு பேர் சரிபார்க்கணும், இன்னைக்குப் பாத்து மூணு பேர் லீவு. ஒரு புள்ளி தள்ளிப்போனா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.”

“திரைக்குக் கீழ பதிப்பு நம்பர் இருக்கும். படிங்க.”

“மூணு, நாலு, ஏழு.”

அவசரம் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டாள். “ரெண்டு மணிக்குள்ள பாக்கறேன் சிஸ்டர்,” என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். சொன்னபிறகுதான் எதை நம்பிச் சொன்னோம் என்று யோசித்தாள்.

நிறுவனம் இப்போது ஐந்தாம் பதிப்பில் இருந்தது. அந்த வார்டில் மட்டும் பழைய பிரிண்டர்கள். புதிய பதிப்பு அவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று பழையதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குத் திருத்தம் அனுப்ப வேண்டுமானால், அங்கே ஓடிக்கொண்டிருக்கிற அதே நிரல் கையில் வேண்டும், ஒரு எழுத்துகூடப் பிசகாமல். வேறொன்றில் கைவைத்து அனுப்பினால் ஒரு ஓட்டையை அடைக்கப்போய் ஒன்பது ஓட்டை விழும். இதற்காகத்தான் ஒன்றை வெளியே அனுப்பும்போதெல்லாம், அந்த நிமிடத்து நிரலின்மேல் எண் போட்டு ஒரு அடையாளம் குத்தி வைப்பார்கள். டேக் என்பது அதுதான். அதை அவரவர் கணினியில் போட்டால் மட்டும் போதாது, எல்லோருக்கும் பொதுவான சர்வருக்குத் தனியாக அனுப்பவும் வேண்டும். மற்ற வேலையை அனுப்பினால் டேக்கும் கூடவே போய்விடும் என்று நினைத்துக்கொள்வது, இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு.

3.4.7-ஐ அனுப்பியது அவசரம்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், தங்கைக்கு இடுப்புவலி எடுத்துவிட்டது என்று போன் வந்த நாள். 3.4.6-ஐ எடுத்து, அந்த வார்டு மருத்துவர்கள் கேட்ட மருந்துப் பட்டியலுக்காக அறுபது வரிகளை மாற்றி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். டேக்கும் போட்டாள். வேறெங்கும் அந்த அறுபது வரிகளைச் சேர்க்கவில்லை. அந்த ஒரு ஆணியில்தான் மொத்தமும் தொங்கிக்கொண்டிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது பக்கத்து மேசைக்காரர் வழக்கம்போல் கேட்டார்: “டேக் அனுப்பிச்சாச்சா?”

“ஆச்சு, ஆச்சு,” என்று படியிறங்கினாள்.

பஸ்ஸில் பாதி வழியில்தான் அனுப்பாதது ஞாபகம் வந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். நாளை என்பது இரண்டு வார லீவாகி, பிறகு தங்கையின் குழந்தையும் பாலும் தூக்கமின்மையுமாகி, கடைசியில் மறந்தே போனது. அந்த லேப்டாப்பும் மறு வருஷம் துடைத்துத் துப்புரவாக்கப்பட்டு யாருக்கோ போய்விட்டது.

பக்கத்து மேசைக்காரருக்கு ‘முத்திரை’ என்று பெயர். அவளைவிட ஒரு வயதுகூட மூத்தவரில்லை, ஆனால் டேக் விஷயத்தில் மாமியார் தோற்றாள். யார் எதை அனுப்பினாலும் டேக் போட்டாச்சா, குறிப்பு எழுதியாச்சா, சர்வருக்குப் போச்சா என்று உயிரை வாங்குவார். குறிப்பு எழுதாத டேக்கோடு எதுவும் வெளியே போகக்கூடாது என்று ஒரு தடவை அவள் வேலை ஒன்றை முழுசாக அரை நாள் நிறுத்தி வைத்தார். லீவு முடிந்து வந்த கையோடு அது நடந்ததில் அவசரத்துக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ‘இவர் வேலை செய்வதுமில்லை, செய்ய விடுவதுமில்லை’ என்று மேலாளருக்கு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். முத்திரை இரண்டு மாதத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிரே, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிறவர் வந்து நின்றார். ‘சந்தேகப்பிராணி’ என்றால் அந்தத் தளத்தில் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

“எதுமேல திருத்தப் போறீங்க?”

“அதான் இல்லியே. அந்த டேக்கைச் சர்வருக்கு நான் அனுப்பவே இல்லைங்க. 3.4.6-ல உக்காந்து அந்த அறுபது வரியை ஞாபகத்துல இருந்து எழுதணும்.”

“குழந்தைங்க மருந்தை ஞாபகத்துல இருந்தா எழுதுவீங்க?”

அவள் போனைக் கையில் எடுத்தாள். அந்த நர்ஸுக்குத் திரும்பக் கூப்பிட்டு, முடியாது, கையாலேயே போடுங்கள் என்று சொல்லவேண்டும். ஏன் முடியாது என்றும் சொல்லவேண்டும்.

“முதல்ல சர்வர்ல பாத்தீங்களா?”

“இருக்காதுங்க.”

“எனக்கு எதையும் பாத்தாத்தான் நம்பிக்கை.”

அவருக்காகத்தான் தட்டினாள். 3.4 என்று தொடங்குகிற டேக்குகள் வரிசையாக வந்து விழுந்தன. 3.4.5. 3.4.6. 3.4.7.

அவள் திரையை ஒருமுறை பார்த்தாள், சந்தேகப்பிராணியை ஒருமுறை பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். போன உயிர் திரும்பி வந்தது. அந்த டேக்கைத் திறந்தாள். குறிப்பு எழுதிச் சர்வருக்கு அனுப்பியவர் பெயர் அவளுடையதாக இல்லை, முத்திரையுடையதாக இருந்தது. தேதி, தங்கைக்குக் குழந்தை பிறந்த அதே நாள், மாலை ஐந்து பத்து. கீழே குறிப்பு:

‘ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பதிவில் 3.4.7 என்று இருந்தது, சர்வரில் இல்லை. அவர் மெஷின் திறந்தே இருந்ததால் அங்கிருந்து எடுத்து வைத்தேன். டேக் போட்டது அவர்தான், அனுப்புவது மட்டும் விட்டுப்போயிருக்கிறது. வீட்டு அவசரம், யாரும் கேட்க வேண்டாம். குழந்தைகள் வார்டு, பழைய பிரிண்டர். எதைத் திருத்தினாலும் இதிலிருந்து தொடங்கவும். தாயும் சேயும் நலமாக இருக்கட்டும்.’

அவள் முகத்தில் ஈயாடவில்லை. இந்தக் குறிப்பு எழுதி இருபதாம் நாள்தான் அவள் அந்தப் புகாரை எழுதினாள். மேலாளர் முன்னால் முத்திரை இதை மட்டும் திறந்து காட்டியிருந்தால் போதும், தலைகுனிய வேண்டியவள் அவள்தான். காட்டவில்லை. அவளிடம்கூடச் சொல்லவில்லை. மூன்று வருஷமாக அது அங்கே பேசாமல் உட்கார்ந்திருந்தது, யாராவது ஒரு நாள் தேடி வருவார்கள் என்று.

“அழறதுன்னா அப்புறம் அழுங்க,” என்றார் சந்தேகப்பிராணி. “மணி பதினொண்ணு இருபது.”

அவசரம் அன்று அவசரப்படவில்லை. 3.4.7-ஐ அப்படியே எடுத்து, அதன்மேல் நின்று தேடினாள். எடையைத் திருத்தும்போது திரை மட்டும் புதிதாகி, சீட்டுக்கான அளவு பழைய கணக்கிலேயே நின்றுவிடுகிற இடம் நாற்பது நிமிடத்தில் அகப்பட்டது. நான்கு வரிதான். சந்தேகப்பிராணி எடையைக் கூட்டினார், குறைத்தார், அழித்தார், பத்துத் தடவை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கையால் கணக்குப் போட்டு ஒத்துப் பார்த்தார். எதிலும் குறை கிடைக்காததில் அவருக்கே கொஞ்சம் வருத்தம்தான். ஐந்தாம் பதிப்பிலும் அதே ஓட்டை இருந்தது, அங்கேயும் அடைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்முன் 3.4.8 என்று டேக் போட்டாள். குறிப்பு எழுத மற்ற நாளில் அரை நிமிடம்கூட ஒதுக்காதவள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுதினாள். சர்வருக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததா என்று சர்வரிலேயே போய்ப் பார்த்தாள்.

ஒன்று ஐம்பதுக்கு நர்ஸ் கூப்பிட்டார். “முப்பத்தொண்ணும் அடிச்சுப் பாத்தாச்சும்மா. கையால போட்ட கணக்கோட ஒத்துப்போகுது. நல்லா இருப்பீங்க.”

“எனக்குச் சொல்லாதீங்க சிஸ்டர். சொல்ல வேண்டியவர்கிட்ட நான் சொல்லிடறேன்.”

சாப்பாட்டைத் திறக்காமலே முத்திரையின் நம்பரைத் தேடினாள். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. மூன்றாவது மணியில் எடுத்தார்.

“நான்தாங்க பேசறேன். அவசரம்.”

“சொல்லுங்க. எது உடைஞ்சுபோச்சு?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: நர்ஸ், முப்பத்தொரு குழந்தைகள், 3.4.7. பிறகு சொல்லவேண்டியது ஒன்று பாக்கியிருந்தது. அதையும் சொன்னாள். “அந்தப் புகாரை எழுதினது நான்.”

“தெரியும். கையெழுத்தைக் காட்டினாங்க.”

“அப்ப ஏன் இதைக் காட்டலை?”

“எதுக்குங்க? குறிப்பு எழுதறது அடுத்து வர்றவங்களுக்கு. சண்டைக்கு இல்ல. நானும் அன்னைக்கு உங்க வேலையை அரை நாள் நிறுத்தி வெச்சிருக்க வேண்டாம். அது அதிகப்படிதான்.”

“ரொம்ப நன்றிங்க,” என்றாள். இவ்வளவு சின்ன வார்த்தையாக இருக்கிறதே என்று இருந்தது. “இன்னைக்கு நீங்க இல்லாமயே நீங்கதான் காப்பாத்தினீங்க.”

“அது இருக்கட்டும். இன்னைக்கு அனுப்பினதுக்கு டேக் போட்டீங்களா?”

“போட்டாச்சு.”

“சர்வருக்கு?”

“போச்சு. ரெண்டு தடவை பாத்தேன்.”

“குறிப்பு?”

அவள் திரையைப் பார்த்துப் படித்தாள்: “‘எடையைத் திருத்தினால் சீட்டில் அளவு மாறாத பிழை சரிசெய்யப்பட்டது. 3.4.7-இலிருந்து தொடங்கியது. நான் தவறவிட்ட அந்த டேக்கை அன்றே எடுத்து வைத்தவரால்தான் இது முடிந்தது, அவருக்கு நன்றி. நான் அவரைப் பற்றி எழுதிய புகார் தவறு. தாயும் சேயும் நலம். பெண் குழந்தை.’”

மறுமுனையில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

“குறிப்பு கொஞ்சம் நீளம்,” என்றார் முத்திரை. “ஆனா விடுங்க. ஒரு தடவை அனுப்பின டேக்கை மாத்தக்கூடாது.”