பிடுங்க வராத களை

தொழிற்சாலைப் பின்மதிலில் முளைத்திருந்த செடி நிறம் இழந்த அன்றும் மதியச் சங்கு வழக்கம்போல் ஊதியது. அந்தச் செடியைப் பிடுங்கத்தான் களைக்காரிக்குச் சம்பளம். பிடுங்குமுன் சும்மா ஒரு படம் எடுத்தாள். போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறையில் படம் கழுவும் நாத்தனார், யாரும் சீந்தாத கறுப்பு வெள்ளைச் சுருளைப் பழைய கேமராவில் போட்டுக் கொடுத்திருந்தாள். பொத்தானை அமுக்கியதும் செடி நுனியிலிருந்து அடிவரை சாம்பலாக வெளுத்தது. இழுத்தாள், வரவில்லை. கடப்பாரை போட்டாள், கடப்பாரைதான் வளைந்தது. மாலையில் கழுவிய படத்தைக் கொடியில் மாட்டியதும் இருவரும் கிட்டே போய்ப் பார்த்தார்கள். பச்சையாக இருந்தவரை வெறும் களையாகத் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு நரம்பும், இலை விளிம்பில் வெளிச்சம் ஏந்திய பொடி மயிரும் தனித்தனியே தெரிந்தன.

“இதையா அண்ணி இத்தனை வருஷம் குப்பையில போட்டீங்க?”

“போட்டேன். இனிமே போடறதா இல்ல.”

அடுத்தடுத்த மழைக்காலங்களில் சாக்கடை ஓரப் பாசி, சிமெண்டு வெடிப்பில் தலைநீட்டிய புல், உடைந்த குழாயைச் சுற்றிய கொடி எல்லாம் படமாயின. எல்லாம் நிறம் விட்டு வேரோடு நிலைத்தன. மேஸ்திரி அமிலம் ஊற்றிப் பார்த்தார், கொதிநீர் ஊற்றிப் பார்த்தார். செடிகள் குளித்துவிட்டு நின்றதுபோல் நின்றன. கடைசியில், முதலாளி பின்கட்டு முழுக்கத் தளம் போடச் சொன்ன நாளில், மேஸ்திரி களைக்காரியிடம் வந்தார். “இதோ பாரும்மா, ஒண்ணு அந்தக் கேமரா, இல்ல வேலை. கேமராதான்னா நாளைலேருந்து கேட்டுக்குள்ள கால் வைக்காத.”

“களை பிடுங்கி அலுத்துப்போய் இப்ப என்னையே பிடுங்கப் பாக்கறீங்களா, மேஸ்திரி?”

மறுநாள் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய், செடிகளுக்கு நடுவே மதிலில் சாய்ந்து நின்றாள். கூட வந்த நாத்தனார் கேமராவைக் கண்ணருகே உயர்த்தினாள்.

“யோசிச்சுக்கோங்க அண்ணி. அந்த நீலச் சட்டை இனிமே நீலமா இருக்காது.”

“துவைச்சுத் துவைச்சு அது எப்பவோ வெளுத்துப்போச்சு. நீ அமுக்கு.”

காவலாளிகள் இழுத்தார்கள். லாரியில் கயிறு கட்டி இழுத்ததில் கயிறு அறுந்தது. மாலைச் சங்கு ஊதியதும் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையாகவே வீட்டுக்கு நடந்தாள். அவளாகப் போனால் போகலாம், அனுப்பினால்தான் முடியாது. தளம் போட வந்தவர்கள் பாதியோடு திரும்பிவிட்டார்கள். வருடாவருடம் மதிலுக்குச் சாயம் அடிப்பவர்கள் அந்த இடம் வந்ததும் தூரிகையைக் கழுவி வைக்கிறார்கள். சம்பளம் வருகிறது. மழைக்குப் பின் எங்கேயாவது புதிதாக ஏதேனும் முளைத்தால், அது பச்சையாக இருக்கும்போதே அவளிடம் வந்து சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் மேஸ்திரிதான் சொல்கிறார்.