தேயிலைப் பெட்டிக்குள் கறிவேப்பிலை

ஷாமிலாவுக்குக் கோபம் வந்தால் யாரோடும் சண்டைக்குப் போகமாட்டாள். சோல்டரிங் அயனைச் சூடாக்கி வைத்துவிட்டு எதையாவது பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கொட்டகலை டவுனில் ரேடியோ, டீவி, புதிதாய் வந்திருக்கிற கைத்தொலைபேசி என்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் பழுது பார்த்துத் தருகிற கடை அவளுடையது. அவள் கோபக்காரியாக இருப்பதில் ஊருக்கு லாபம்தான்.

2004ஆம் வருஷம் அவளுக்கு வந்த பெரிய கோபத்துக்குக் காரணம் மாமியார் இராசமணி. யாழ்ப்பாணத்துக்காரர். மகன் மயூரதன் கொட்டகலைக்குக் கணக்கு வாத்தியாராக வந்து, வந்த இடத்தில் ஒரு தோட்டத்துப் பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டது இன்னும் அவருக்குத் தொண்டைக்குள்தான் நின்றது. கல்யாணத்துக்கு வரவில்லை. சண்டை ஓய்ந்து கண்டி வீதி திறந்த பிறகும் வரவில்லை. தொலைபேசியில் மகனோடு மட்டும் பேசுவார், அதுவும் பக்கத்து வீட்டுக்கே கேட்கிற குரலில்.

"கறிவேப்பிலை கூட வளராத குளிருக்குள்ள கிடந்து, அந்தப் பெட்டையிட்ட என்னத்தையடா சாப்பிடுறாய்?"

இது ஷாமிலாவின் காதில் விழுந்தது. சமைக்கத் தெரியாதவள் என்று சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பாள். ஊரையே சேர்த்துச் சொன்னதுதான் சுட்டது. அதைவிட மோசம், அது உண்மை. ஆனி, ஆடி மாதங்களில் கொட்டகலையில் சூரியன் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வாசலில் நட்ட கறிவேப்பிலை ஒரு சாண் வளர்ந்து, நடுங்கிக்கொண்டு அப்படியே நின்றது.

"வெயில் இல்லாட்டி என்ன, நாங்க செஞ்சுக்குவோம்" என்று கன்றைப் பிடுங்கித் தொட்டியில் வைத்து, அடுப்புச் சுவரின் கதகதப்பில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

முதலில் நூறு வாட் பல்பு. இரண்டே நாளில் இலை நுனி கருகி, கன்று பொரியல் மாதிரி ஆகிவிட்டது. அடுத்து டியூப் லைட். கன்று அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஹட்டனில் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து தேடிப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. செடிக்கு எல்லா வெளிச்சமும் பிடிப்பதில்லை. சிவப்பும் நீலமும்தான் அதற்குச் சாப்பாடு. அந்த இரண்டை மட்டும், சூடில்லாமல், பக்கத்தில் வைத்துக் கொடுக்க எல்.ஈ.டி. இருக்கிறது. ரேடியோவில் சிவப்பாய் மினுங்கும் அந்தக் குட்டி விளக்கா? அது தன் கடை டப்பாவிலேயே கிடக்கிறதே என்று ஷாமிலாவுக்குச் சிரிப்பு வந்தது.

டப்பாவில் கிடந்தவை எல்லாம் சிவப்பு. அவற்றை மட்டும் கோத்துத் தொங்கவிட்டாள். கன்று கிடுகிடுவென்று உயர்ந்தது. உயர்ந்ததே தவிர, தண்டு நூலாய் மெலிந்து, இலைக்கு இலை முழம் போட்டது. பக்கத்து வீட்டுக் காளியாயி எட்டிப் பார்த்து, "என்னா ஷாமிலா, புள்ளைக்கு வயித்துப் பூச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நீலமும் சேர்ந்தால்தான் தண்டு தடிக்கும், இலை நெருங்கும். கொழும்பிலிருந்து நீல விளக்குகளை வரவழைத்தாள். அவை சீமாட்டிகள். சிவப்பு ஐந்தை ஒன்றாய்க் கோத்தாலும் பன்னிரண்டு வோல்ட்டில் எரியும். நீலத்தை மூன்றுக்கு மேல் கோத்தால் கண்ணே திறக்காது. சிவப்புக்கு ஒரு வரிசை, நீலத்துக்கு வேறு வரிசை, ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் என்று பிரித்துப் பிரித்துப் பற்றவைத்தாள். வெளிச்சம் சிந்திப் போகாமல் இருக்க, தொழிற்சாலையில் கழித்துப் போட்ட பழைய தேயிலைப் பெட்டியைக் கொண்டுவந்தாள். பெட்டிக்குள் ஒட்டியிருந்த வெள்ளித்தாள், சிந்துகிற வெளிச்சத்தை எல்லாம் திருப்பிச் செடிமேலேயே அடித்தது. அந்த யோசனை எந்த இன்டர்நெட்டிலும் இல்லை, அவளுடையது. அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மயூரதன் அப்போது பரீட்சைத் தாள் திருத்தக் கண்டிக்குப் போயிருந்தான். விளக்கை ஏற்றிவிட்டுப் பெட்டியின் துணித்திரையை விலக்கிப் பார்த்தாள் ஷாமிலா. இலைகள் எல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தன. பதறிப்போய்த் தொட்டியை வெளியே இழுத்தாள். பச்சை! திரும்ப உள்ளே வைத்தாள். கறுப்பு! அப்புறம்தான் விளங்கியது. பச்சை வெளிச்சமே இல்லாத இடத்தில் இலை எந்தப் பச்சையைக் காட்டும்? தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள். இரண்டு வாரத்தில் கன்று குட்டையாய், கொழுகொழுவென்று, தொட்டி தெரியாமல் தழைத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாமியார் வருவதாகச் செய்தி வந்தது. மகன் கெஞ்சிக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருந்தான். ஷாமிலா ஒரு முடிவு எடுத்தாள். அம்மாவும் மகனும் சேர்ந்தே பார்க்கட்டும், அதுவரை மூச்சு விடக்கூடாது. மாமியார் தன் கையாலேயே முதல் இணுக்கைக் கிள்ளட்டும். அந்தக் கை அந்த இலையைத் தொட்டுவிட்டால் போதும், இந்த வீட்டில் தனக்கு ஓர் இடம் கிடைத்த மாதிரி என்று அவள் நம்பினாள். சின்ன ஆசைதான். ஆனால் மூன்று மாதமாக அவளைத் தூங்கவிடாத ஆசை.

அம்மா வருவதற்கு முந்தின நாள் மயூரதன் வந்து சேர்ந்தான். ஷாமிலா கடையிலிருந்து திரும்பியபோது அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது. பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தான். அதுவே சந்தேகத்துக்கிடமான காரியம்.

"நீர் ஒண்டுக்கும் கவலைப்படாதையும். அம்மாவை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றான்.

மறுநாள் ஹட்டனுக்குப் போய் அம்மாவை பஸ்ஸில் அழைத்துவந்தான். இராசமணி குடையும் பையுமாக இறங்கி, மருமகளை மேலும் கீழும் பார்த்து, "சுகமா இருக்கிறீரே?" என்றார். அவ்வளவுதான்.

மத்தியானச் சமையலில் ஷாமிலா வேண்டுமென்றே கறிவேப்பிலை போடவில்லை. முதல் இணுக்கு மாமியார் கிள்ளுவதல்லவா! இராசமணி ரசத்தை உறிஞ்சினார். மகனைப் பார்த்தார். மகன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தான்.

"கறிவேப்பிலை போடாட்டிலும் ரசம் திறமாத்தான் இருக்கு" என்றார் இராசமணி.

ஷாமிலாவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் விடவில்லை.

"நம்ம வீட்டுலயே கறிவேப்பில இருக்கு மாமி. சாப்பிட்டுட்டு வந்து பாருங்களேன்."

"வேண்டாம், வேண்டாம். எனக்கு அதைக் கண்ணிலயும் காட்டக்கூடாது. பிடிக்கவே பிடிக்காது."

யாழ்ப்பாணத்து மனுஷி, கறிவேப்பிலை பிடிக்காதாம்! நான் வளர்த்ததைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே. ஷாமிலாவுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து குசினி அடுப்புப் பக்கம் போய், தேயிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். சோல்டரிங் அயனைத் தேடக்கூடத் தோன்றவில்லை. விசும்பி விசும்பி அழுதாள்.

பின்னால் காலடிச் சத்தம். இராசமணி சாப்பிட்ட கையோடு வந்து நின்றார். பெட்டித் திரை கொஞ்சம் விலகி, ஊதா வெளிச்சம் தரையில் விழுந்து கிடந்தது. அவர் குனிந்து உள்ளே பார்த்தார். உடனே நிமிர்ந்து, இடக்கையால் மருமகளின் தலையைத் தடவினார்.

"அழாத பிள்ளை. ஒரு கண்டு செத்தா என்ன? நான் போய்ப் பத்துக் கண்டு அனுப்பிவிடுறன்."

ஷாமிலா நிமிர்ந்தாள். "செத்துச்சா? எது மாமி செத்துச்சு?"

"இந்தா, கரிக்கட்டை மாதிரிக் கிடக்குதே. பஸ்ஸுக்குள்ளயே இவன் எனக்குச் சொல்லிப்போட்டான். நீ ஆசையா வளத்தது செத்துப்போச்சு, கறிவேப்பிலை இல்லையெண்டு குறை சொல்லக்கூடாது, அவள் தாங்கமாட்டாள் எண்டு என்னட்டச் சத்தியமெல்லாம் வாங்கினவன். அதுதான் பிடிக்காதெண்டனான். அது இல்லாமல் ஒரு கறி இறங்குமே எனக்கு?"

வாசலில் நின்ற மயூரதன், "நேற்று நான் திறந்து பாத்தனான். முழுக்கக் கறுப்பு" என்று முணுமுணுத்தான்.

ஷாமிலா பெட்டித் திரையை முழுக்க விலக்கினாள். எட்டி பிளக்கைப் பிடுங்கினாள். ஊதா அணைந்தது. குசினி ஜன்னலின் சாம்பல் வெளிச்சம் பெட்டிக்குள் இறங்க, இலைகள் அத்தனையும் பளீரென்று பச்சையாயின.

"எட கடவுளே!" என்று இராசமணி நெஞ்சில் கைவைத்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. உடம்பு குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். அதைப் பார்த்து ஷாமிலாவும் அழுத முகத்தோடு சிரித்தாள். இந்த மனுஷி வந்து அரை நாள் ஆகவில்லை, அதற்குள் தன் மனசு நோகக்கூடாது என்று வாய்கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார். தான் குத்தல் என்று நினைத்து அழுத ஒவ்வொரு வார்த்தையும் தனக்காகச் சொன்னது. ஷாமிலாவுக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பிடித்துக்கொண்டாள். ரசம் காய்ந்த கை.

"அந்த லைற்றைத் திரும்பப் போடு பிள்ளை. எப்பிடி வேலை செய்யுதெண்டு எனக்குச் சொல்லு" என்றார் இராசமணி. சிவப்பு ஏன், நீலம் ஏன், வெள்ளித்தாள் ஏன் என்று ஷாமிலா சொல்லச் சொல்ல, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பாதி விளங்கியிருக்காது. ஆனால் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார்.

அன்று இரவுக் குழம்புக்கு முதல் இணுக்கை அவரே கிள்ளினார். கிள்ளிய விரலை இரண்டு தரம் முகர்ந்தார். தாளிக்கிற வாசம் பக்கத்து வீடு வரைக்கும் போயிற்று.

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மயூரதன் சோற்றைப் பிசைந்து, வழக்கம்போலக் குழம்பிலிருந்த கறிவேப்பிலையை எடுத்துக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தான். இராசமணி அதைப் பார்த்தார்.

"டேய், எடுத்துச் சாப்பிடடா அதை! மூண்டு மாசம் சூரியனையே செய்து வளத்தவள் பக்கத்தில இருக்கிறாள். ஒதுக்கி வைக்கிறாராம் துரை!"

மயூரதன் அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பிறகு இலையை எடுத்து வாயில் போட்டு மென்றான். நரம்பையும் சேர்த்து விழுங்கும்வரை அம்மா அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.