வால்வு ஹால் சாவி

சாவி திரும்பி வரலை. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்ல.

நான் மின்நிலையத்துக் கன்ட்ரோல் ரூம்ல ஷிப்ட் இன்சார்ஜ். பக்கத்துல வால்வு ஹால். அங்கே ஒரே மாதிரி நூத்துக்கணக்கான பெட்டிகள் அடுக்கடுக்கா நிக்கும். ஒவ்வொண்ணும் தன் பங்குக்குக் கொஞ்சம் வோல்டேஜைக் கூட்டும், குறைக்கும்; எல்லாம் சேர்ந்து ஏசியை டிசியாக்கி வெகுதூரம் அனுப்பும். ஒரு பெட்டி செத்தா அதோட பாரத்தை மத்ததுங்க தூக்கிக்கும். அப்படிச் செத்ததை மாத்தத்தான் இன்னிக்கு லைனை நிறுத்தினோம். மாத்தின ஃபிட்டர் வேற யாருமில்ல, என் வீட்டுக்காரர்.

உள்ளே போறவர் கதவுச் சாவியைப் பாக்கெட்டுல வச்சுக்கணும். வேலை முடிஞ்சதும், கொடுத்தவங்க கையிலேயே திருப்பிக் கொடுக்கணும். அதுவரைக்கும் கரண்ட் ஏத்தவே முடியாது. உள்ளே ஆள் இருக்கறப்போ யாராவது சுவிட்சைப் போட்டுட்டா என்ன ஆகறது?

விடியக்காலையில எங்க பொண்ணுக்கு வலி எடுத்துருச்சு. தலைப்பிரசவம். லைன்ல மறுபடி கரண்ட் ஏறி நிலைக்கற வரைக்கும் என்னால நகர முடியாது. இவரோ வேலையை முடிச்ச கையோட ஆஸ்பத்திரிக்குப் பறந்துட்டார், சாவியோட. போன்ல பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினேன்.

“மறந்துட்டேம்மா. இப்ப எப்படி வர்றது? மாப்பிள்ளை மயங்கி விழுந்து பக்கத்துக் கட்டில்ல கிடக்கார்,”ன்னார் சாவகாசமா.

மேனேஜர் கேட்டார், “டிரைவரை அனுப்பி வாங்கலாமா?”

“கூடாது சார். கொடுத்தவ நான், என் கைக்குத்தான் வரணும்.”

“அப்ப நீங்களே போங்க. உங்க சீட்டை நான் பாத்துக்கறேன். இன்னொரு லைன் சாயங்காலம் வரைக்கும் தாங்கும்.”

ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இவர் என் கையில சாவியை வச்சார். “உள்ளே போ. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா.”

“வந்துட்டியாம்மா,”ன்னு பொண்ணு என் விரலைப் பிடிச்சு நசுக்கிட்டா. பேத்தி பிறக்கற வரைக்கும் விடவே இல்ல. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு.

குழந்தையைத் துணியில சுத்தி வெளியே தூக்கிட்டு வந்தேன். “இத்தனை வருஷத்துல சாவியை மறந்ததே இல்லையே. நிஜமாவே மறந்தீங்களா?”

“கொடுத்துட்டு வந்திருந்தா நீ இந்நேரம் அங்கேதானே உக்காந்திருப்பே.”

பேத்தியை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைச்சுக்கிட்டு, “மெமோ கொடுப்பேன், தெரியுமில்ல,”ன்னேன்.

“குடு. முதல்ல பேத்தியைக் குடு,”ன்னு ரெண்டு கையையும் நீட்டினார்.