சுஹானாவின் பிரதி

பழைய புத்தகக் கடைக்குப் போனால் கீர்த்திகா முதலில் புத்தகத்தின் பெயரைப் பார்க்க மாட்டாள். அட்டையைத் திறந்து முதல் பக்கத்தைத்தான் பார்ப்பாள். எழுதியவரே கையெழுத்துப் போட்டு யாருக்கோ கொடுத்த புத்தகங்களைத் தேடிச் சேர்ப்பது அவளுடைய பழக்கம். எட்டு வருடத்தில் பத்தொன்பது சேர்ந்திருந்தன. ‘தங்கை மகேஸ்வரிக்கு, மணநாள் நினைவாக’ என்று ஒன்று. ‘இரவல் இல்லை, வைத்துக்கொள்ளவும்’ என்று இன்னொன்று. அந்த மகேஸ்வரி யார், புத்தகம் ஏன் கடைக்கு வந்தது என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கற்பனை செய்துகொண்டு போவாள். கையெழுத்துப் போட்டவரைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, சௌரஸ்தா சந்தை மாடியில் முஸ்தஃபாவின் கடைக்குத் தமிழ்ப் புத்தகங்கள் இரண்டு பெட்டி நிறைய வந்திருந்தன. பயிற்சி நூல்களுக்கும் ஒரு சமையல் புத்தகத்துக்கும் நடுவில் மஞ்சள் முதுகு ஒன்று தெரிந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த மஞ்சள். அவள் எழுதி அச்சான ஒரே சிறுகதைத் தொகுப்பு அது.

முதலில் சிரிப்புதான் வந்தது. யாரோ ஒருவராவது வாங்கியிருக்கிறார்களே! அட்டையைத் திறந்தாள்.

‘சுஹானாவுக்கு, நீ படிக்காத ஒரு வரியும் இதில் இல்லை. கீர்த்திகா. 15.9.2018.’

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

சுஹானாவும் அவளும் நில அலுவலகத்தில் பதினோரு வருடம் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். மதிய இடைவேளையில் ஒவ்வொரு கதையையும் சுஹானாதான் முதலில் படிப்பாள். பிடிக்காத இடத்தில் நகத்தால் கீறி வைப்பாள். தொகுப்பு வந்ததும் முதல் பிரதி அவளுக்குத்தான் போனது. பிறகு சுஹானா கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்துக்கு மாற்றலாகி, அங்கே பாகான் டாலாமில் வீடு வாங்கிப் போய்விட்டாள். நாளுக்கு நாலு முறை பேசியது வாரம் ஒன்றாகி, இப்போது தீபாவளிக்கும் ராயா பெருநாளுக்கும் வாழ்த்து அனுப்புவதோடு நின்றிருந்தது.

“இது எங்கேருந்து வந்துச்சு, அண்ணே?”

“யாரோ நேத்து ரெண்டு பெட்டி கொண்டாந்து போட்டுட்டுப் போனாங்க. நான் தொழுகைக்குப் போயிருந்தேன், பாக்கல.” முஸ்தஃபா புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பின்னட்டையில் அவள் படம் இருந்தது. அதைப் பார்த்தார், அவளையும் பார்த்தார், அவள்தான் அது என்று அவருக்குத் தெரியவில்லை. “விலை அஞ்சு வெள்ளிம்மா. உள்ள பேனாவால கிறுக்கியிருக்கு, நாலு குடுங்க போதும்.”

படியிறங்கி வந்தவள் மீன் வாங்க வேண்டியதை மறந்துவிட்டாள். வெயிலில் எந்தப் பக்கம் நடக்கிறோம் என்றே தெரியாமல் நடந்தாள். வேண்டாம் என்றால் யாரிடமாவது சும்மா கொடுத்திருக்கலாமே? அந்த ஒரு பக்கத்தையாவது கிழித்துவிட்டுப் போட்டிருக்கலாமே? வீடு மாறும்போது இடம் அடைக்கிறது என்று பெட்டியில் தள்ளிவிட்டாளா? இல்லை, படிக்கும்போதெல்லாம் அவளுக்குக் கதைகளே பிடிக்கவில்லையா? பக்கத்து மேசைக்காரி என்பதால் நல்லாருக்கு, நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தாளா?

ஒரு கடையோரத்தில் நின்று முதல் பக்கத்தைப் படம் எடுத்து சுஹானாவுக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அனுப்பிய பிறகும் கால் நிற்கவில்லை. படகுத்துறைவரை நடந்தே போய் அக்கரைக்குப் போகும் ஃபெரியில் ஏறினாள்.

ஃபெரி கிளம்புவதற்குள் சுஹானா கூப்பிட்டாள். கீர்த்திகா எடுக்கவில்லை. நடுக்கடலில் போன் மறுபடியும் இரண்டு முறை அடித்தது. உட்கார முடியாமல் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடந்தபடி, கேட்க வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டாள். அடுக்கியதை உடனே கலைத்தாள். கோபமாகக் கேட்டால் நாலு வெள்ளிப் புத்தகத்துக்கு இவ்வளவா என்று தோன்றும். சிரித்துக்கொண்டு கேட்டால் அழுகை வந்துவிடும்.

பாகான் டாலாம் வீட்டில் சுஹானா வாசல் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தாள். தலையில் முக்காடு ஒழுங்காகக் கட்டப்படவில்லை.

“ஏன் போன எடுக்கல? எத்தன தடவ அடிக்கிறது?”

கீர்த்திகா பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள். சுஹானா அதைத் தொடவில்லை.

“உள்ள வா. வாசல்ல வச்சுப் பேசாத.”

கூடத்தில் கண்ணாடி அலமாரி. உள்ளே போனதும் கீர்த்திகாவின் கண் பழக்கப்படி அங்கேதான் போனது. இரண்டாவது தட்டில், குர்ஆன் விளக்கவுரைகளுக்குக் கீழே, அதே மஞ்சள் முதுகு. அவளே போய் அலமாரியைத் திறந்து எடுத்தாள்.

‘சுஹானாவுக்கு, நீ இல்லாத ஒரு வரியும் இதில் இல்லை. கீர்த்திகா. 15.9.2018.’

அவளுடைய கையெழுத்தேதான். கால் நீண்ட ‘கீ’, அதன் கீழே இழுத்த கோடு. இரண்டு பிரதி கொடுத்தோமா? பிறகு கோட்டைக் கிட்டத்தில் பார்த்தாள். அவள் ஒரே வீச்சில் இழுப்பாள். இதில் நடுவே பேனா நின்று, மை ஊறியிருந்தது.

“இது நான் போட்டது இல்ல.”

“இல்லதான்.” சுஹானா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். “நான் போட்டேன். பழைய பில்லுக்குப் பின்னால நாப்பது தடவ எழுதிப் பாத்துட்டுப் போட்டேன்.”

“ஏன்?”

“பக்கத்து வீட்டு தனேஷ் சார் தெரியும்ல, ஸ்கூல் டீச்சர். என் பிரண்டு எழுதுனது, படிச்சுப் பாருங்கன்னு நான்தான் பெருமையா குடுத்தேன். அவருக்கு ஜோகூருக்கு மாத்தலாயிருச்சு. கேட்டா, சாமான் ஏத்துனப்ப எங்க போச்சுன்னே தெரியலங்குறாரு. பழைய புத்தகத்தோட சேத்து யாரோ கடையில போட்டுட்டாங்க போல. எனக்குத் தூக்கமே இல்ல. பதிப்பகத்துக்கே போன் போட்டு இன்னொண்ணு வாங்குனேன். போன வருஷம் ஒரே ஒரு பிரதி வித்துச்சுன்னு தீபாவளி வாழ்த்தோட எழுதுனியே, அத வாங்குனது நான்தான்.”

“தொலஞ்சு போச்சுன்னு சொல்லியிருந்தா நான் என்ன சொல்லப் போறேன்?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்பதான் ராயாவுக்கு வீட்டுக்கு வர்றேன்னு மெசேஜ் போட்ட. வந்தா நேரா அலமாரிக்குத்தான் போவ. அதுக்குள்ள எழுதி வச்சேன்.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “கடைசில நீ வரவே இல்ல.”

வரவில்லைதான். அன்றைக்கு என்ன காரணம் சொன்னோம் என்றுகூட கீர்த்திகாவுக்கு நினைவில்லை. அவள் இரண்டு புத்தகங்களையும் மேசையில் அருகருகே திறந்து வைத்தாள்.

“நான் ‘படிக்காத’ன்னுதான் எழுதியிருந்தேன்.”

சுஹானா எட்டிப் பார்த்தாள். “அப்படியா? எனக்கு இப்படித்தான் ஞாபகம்.”

சுஹானா இரண்டு புத்தகங்களையும் மூடினாள். அவள் குரல் உயர்ந்தது.

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல, கீர்த்தி? படத்த மட்டும் அனுப்பிட்டுப் போனையும் எடுக்காம! அப்பேருந்து வாசல்லயே நிக்கிறேன். வித்துட்டேன்னே முடிவு பண்ணிட்டியா?”

ஆமாம் என்று சொல்லக் கூசியது. இல்லை என்று சொன்னால் பொய். சுஹானா எழுந்து சமையலறைக்குப் போய்த் தட்டுகளைச் சத்தமாக எடுத்து வைத்தாள். சோறும் மீன் குழம்பும் வந்தன. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதது கீர்த்திகாவுக்குத் தெரிந்தது.

கிளம்பும்போது சுஹானா முஸ்தஃபா கடைப் பிரதியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். “இது என்னோடது.”

“அப்ப அத எனக்குக் குடு.”

“எத? நான் கிறுக்குனதயா? அதக் கிழிச்சுப் போடணும். அசிங்கமா இருக்கு.”

“நாப்பது தடவ எழுதிப் பாத்தேன்னியே. குடு.”

சுஹானா தயங்கித்தான் கொடுத்தாள். கேட்வரை கூட வந்தவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “இப்ப ஏதாச்சும் எழுதுறியா?”

“இல்ல.”

“பொய்தானே?”

கீர்த்திகா புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

திரும்பும் ஃபெரியிலும் அவளால் உட்கார முடியவில்லை. புத்தகம் கிடைத்துவிட்டது, சண்டையும் தீர்ந்துவிட்டது, ஆனாலும் உள்ளே ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. சுஹானா விற்றுவிட்டாள் என்று நம்ப, தனக்குப் பழைய புத்தகப் பெட்டி முன்னால் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதினோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவளைப் பற்றி!

போனைத் திறந்தாள். இரண்டு வருடமாக முடிக்காமல் வைத்திருந்த கதை ஒன்று அதில் இருந்தது. அப்பா மகள் பற்றியது. ஒன்பதாவது பக்கத்தில் நின்றுபோயிருந்தது. முதல் பத்தியைப் படித்தாள், ஒரு சொல்லை மாற்றினாள், திரும்ப அதையே போட்டாள். ஃபெரி கரையை நெருங்கியது. மோட்டார் சைக்கிள்காரர்கள் எஞ்சினை முடுக்கத் தொடங்கினார்கள். இனி யோசித்தால் அனுப்ப மாட்டோம் என்று தெரிந்தது. ‘முடியல. எங்க தப்புன்னு சொல்லு’ என்று எழுதிக் கதையையும் சேர்த்து சுஹானாவுக்கு அனுப்பினாள்.

பின்னால் இருந்தவர்கள் நெருக்கித் தள்ளினார்கள். கூட்டத்தோடு இறங்கி நடந்தாள், போனைப் பைக்குள் போட மனம் வராமல், பத்தடிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு.