சரியாக வைத்த கால்

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த டிங்கரிங் கடைக்காரர், கதவுக்குக் கீழே ஏறி இறங்கப் படியாக இருக்கும் ஃபுட்போர்டின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்துக் குத்தினார். முனை தகட்டைத் துளைத்துக்கொண்டு மேலே எட்டிப் பார்த்தது. பொலபொலவென்று கொட்டிய துரு அவர் வாயில் விழ, துப்பிக்கொண்டே வெளியே வந்தார். துருப்பிடித்த வண்டிகளாகவே அவரைத் தேடி வருவதால் அந்தத் தெருவில் அவருக்குத் துரு டாக்டர் என்றே பெயர்.

“பிஸ்கட் மாதிரி நொறுங்குது சார். இதுல வெல்டிங் நிக்காது. புதுசு வரவழைச்சுப் போட பத்து நாளாகும். அதுவரைக்கும் கழட்டிடலாம். அரை மணி நேர வேலை.”

வண்டிக்காரர் ஒரு நிறுவனத்தின் கிளை மேலாளர். அந்த உயரமான வண்டியைத் தெருவே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கியவர்.

“கழட்டினா பொக்கை வாய் மாதிரி இருக்குமே! வெள்ளிக்கிழமை எங்க மேலதிகாரி இதுலதான் வர்றாரு. ஓட்டையைப் பட்டி மாவு வச்சு அடைச்சு, கறுப்பு பெயிண்ட் அடிச்சு, மேல புது ரப்பர் ஒட்டிக் குடுங்க. பார்வைக்கு நல்லா இருந்தா போதும்.”

“பார்வைக்கு இருக்கும் சார். மிதிக்கத் தாங்காது. வீட்ல பெரியவங்க யாராவது ஏறுவாங்களா?”

“அப்பா இருக்காரு. அதை நான் பார்த்துக்கறேன்.”

இந்த ‘நான் பார்த்துக்கறேன்’ இருக்கிறதே, அதைச் சொன்ன மாத்திரத்தில் அந்த வேலையைப் பார்த்து முடித்துவிட்ட நிம்மதி நமக்கு வந்துவிடுகிறது. துரு டாக்டரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, மேலே வரிவரியான ரப்பரை ஒட்டிக் கொடுத்துவிட்டார். ஃபுட்போர்டு பளபளவென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்த மேலதிகாரி நல்ல உயரம். கைபேசியில் பேசியபடியே நீளக் காலைத் தூக்கி நேராக வண்டிக்குள் வைத்தார். ஃபுட்போர்டு என்று ஒன்று இருப்பதையே அவர் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அப்பாவை உடற்பயிற்சி சிகிச்சைக்கு அழைத்துப் போகும் நாள். அப்பா முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியின் படியில் ஒற்றைக் கையால் தொற்றி நின்றே ஆயுளில் பாதியைக் கழித்தவர், இரண்டு மாதங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்ததும் சிகிச்சை தரும் பெண் அவருக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தாள். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது ஆபரேஷன் ஆன காலை. அப்பா அதை ஸ்டாப்பிங் பெயர் மாதிரி மனப்பாடம் செய்துவிட்டார். வாசல்படிக்கு வந்தால் போதும், “ஏறுறப்ப நல்ல கால், இறங்குறப்ப ஆபரேஷன் கால், ரைட், போலாம்!” என்று குரல் கொடுப்பார். மருமகள் அடுப்படியிலிருந்தே சிரிப்பாள்.

அன்று வீட்டில் ஏறும்போது வாசல் திண்ணை வண்டியளவு உயரமாக இருந்ததால் படியை மிதிக்காமல் நேரே இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் அந்த வசதி இல்லை. மகன் ஒரு கையில் வாக்கரையும் மறு கையில் கைபேசியையும் வைத்துக்கொண்டு, மேலதிகாரியின் பாராட்டுச் செய்தியைப் படித்தபடியே, “இறங்குங்கப்பா” என்றார். ஃபுட்போர்டு விஷயம் அவர் நினைவில் எங்குமே இல்லை.

“இறங்குறப்ப ஆபரேஷன் கால்” என்று சொல்லிக்கொண்டே அப்பா இடது காலை ரப்பரின் மேல் வைத்து உடம்பின் பாரத்தைக் கொடுத்தார். அடியில் பட்டி நொறுங்கியது. ரப்பர் நாலு விரல் ஆழம் அமுங்கி அவர் குதிகாலை வெளியே தள்ளிவிட்டது. சிமெண்டுத் தரையில் பக்கவாட்டில் விழுந்தார். அழுத்தம் போனதும் ரப்பர் ஒன்றும் நடக்காதது போல மேலே எழும்பிக்கொண்டது.

“படி அமுங்குச்சுடா…” என்றார் அப்பா, வலியில் பல்லைக் கடித்தபடி.

மகனுக்கு அப்போதுதான் துரு டாக்டர் சொன்னது உறைத்தது. அதற்குள் சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

“காலை மாத்தி வச்சுட்டாரு” என்று மகனின் வாய் சொல்லிவிட்டது.

“நான் சரியாத்தான்டா வச்சேன்.”

“இல்லப்பா, மாத்தித்தான் வச்சீங்க. நான் பார்த்துக்கிட்டேதான இருந்தேன்.”

“வயசாச்சுல்ல, பாவம்” என்றார் கூட்டத்தில் ஒருவர். அதோடு விசாரணை முடிந்தது. வயதானவர் விழுந்தால் வேறு காரணம் தேட இங்கே யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஆஸ்பத்திரி டாக்டரும் அதையேதான் எழுதினார். மருமகளும் அதையேதான் நம்பினாள்.

இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அப்பா இரண்டொரு முறை, “எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, படிதான் அமுங்குச்சு” என்று சொல்லிப் பார்த்தார். “விடுங்கப்பா, நடந்தது நடந்துபோச்சு” என்று மகன் பேச்சை மாற்றினார். மூன்றாவது முறை அப்பா சொல்லவில்லை. நம்ம பையன் எதற்குப் பொய் சொல்லப் போகிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அதன் பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை நம்புவதை விட்டார். மாத்திரைப் பெட்டியை மருமகளிடம் கொடுத்து, “நீயே எடுத்துக் குடும்மா. நான் மாத்திப் போட்டுடுவேன்” என்றார். சாப்பிட்டு முடித்த பிறகும், “நான் சாப்பிட்டேனா?” என்று கேட்டார். மறந்துபோய்க் கேட்கவில்லை. தன் ஞாபகம் சரிதானா என்று அடுத்தவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். சிகிச்சை தரும் பெண் வீட்டுக்கே வந்து, “எலும்பு நல்லா கூடிடுச்சு தாத்தா, எழுந்து நில்லுங்க” என்று கெஞ்சினாள். “காலை மாத்தி வச்சுடுவேம்மா” என்று கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் அலுத்துப்போய் வருவதை நிறுத்திவிட்டாள்.

மூன்று மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகன் அப்பாவுக்கு நகம் வெட்டிவிட உட்கார்ந்தார். இடது கால் பெருவிரல் நகத்தில் பால்பாயிண்ட் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருந்தது.

“இது என்னப்பா?”

“அதுதான் ஆபரேஷன் கால். மறந்துடக் கூடாதுன்னு போட்டு வச்சிருக்கேன். வெட்டிட்டன்னா திரும்பப் போட்டு விட்டுடு.”

மகனால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேராகத் துரு டாக்டரிடம் போனார். “அந்த ஃபுட்போர்டைக் கழட்டிடுங்க” என்றார்.

துரு டாக்டர் ரப்பரை உரித்தார். அடியில் ஒரு பாத அளவுக்குத் தகடு கிழிந்து உள்ளே மடங்கியிருந்தது. கிழிசலைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“யாரு சார் மிதிச்சா?”

கடைக்காரர் மகனின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்திலேயே பதில் இருந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பூசினது என் கை சார். மாட்டேன்னு சொல்லியிருக்கணும். பெரியவருக்குத் தெரியுமா?”

“தெரியாது. அவர் மேலதான் தப்புன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“அடப்பாவி மனுஷா” என்றார் துரு டாக்டர். அதுவரை சார் என்று மட்டுமே அழைத்தவர் அவர்.

வீட்டுக்கு வந்ததும் மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதையும் மறைக்கவில்லை. துரு, பட்டி, மேலதிகாரி, கைபேசி, பொய், எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மருமகள் கையிலிருந்த துணி நழுவி விழுந்தது.

அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்ப நான் காலைச் சரியாத்தான் வச்சேனா?”

“சரியாத்தான் வச்சீங்கப்பா.”

அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. இரண்டு ஆபரேஷனுக்கும் அழாத மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது ஓய்ந்ததும், “அந்த வாக்கரை எடும்மா” என்றார். மருமகள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, வாக்கரை இறுகப் பிடித்து, தானாகவே எழ முயன்றார். தொடை நடுங்கியது. முட்டி மடங்கியது. மறுபடி முயன்றார். மூன்று மாதம் படுத்தே கிடந்த கால்களில் சதையே இல்லை. மூன்றாவது முறை முயன்று, முடியாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

“மூணு மாசம் முன்னாடி சொல்லியிருக்கலாமேடா” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் மகனைக் கொன்றது.

“என்னை மன்னிச்சிடுங்கப்பா.”

“படி உடைஞ்சது கவனக்குறைவு. அதை எப்பவோ மன்னிச்சிருப்பேன். நான்தான் மாத்தி வச்சேன்னு சொல்லி, என் வயசு மேல பழியைப் போட்டு என் வாயை அடைச்சியே, அதைத்தான்டா தாங்க முடியல. ஊரே நம்பினா போகட்டும், நானே நம்பிட்டேனே.” மூச்சு வாங்கியது. மருமகள் பக்கம் திரும்பினார். “நீயும் கேட்டுக்கோம்மா. வீட்ல வயசானவங்க ‘நான் சரியாத்தான் செஞ்சேன்’னு சொன்னா, முதல்ல அவங்க சொன்ன இடத்தைப் போய்ப் பாருங்க. எங்க வயசை அப்புறமாப் பார்த்துக்கலாம்.”