படகு ஆடியது

ஏரி வெளியே விடும் வாயுவை அளக்க எங்களிடம் இருந்தது ஒரு வெள்ளை வாளி. அதைக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றித் தெர்மோகோல் வளையம் கட்டி, நீரின் மேல் மிதக்க விடுவோம். நீரிலிருந்து எழும் மீத்தேன் அதற்குள் சேரும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வாளியில் செருகிய ரப்பர் குழாய் வழியாகச் சிரிஞ்சால் கொஞ்சம் காற்றை உறிஞ்சிக் குப்பியில் அடைப்பேன். ஓர் அளவுக்கு நான்கு குப்பிகள். ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி அவற்றைக் கருவியில் கொடுத்து, வரும் நான்கு எண்களையும் தாளில் புள்ளிகளாக வைத்தால், அவை ஒரே கோட்டில் ஏற வேண்டும். ஏறினால்தான் அந்த அளவு செல்லும்.

எங்கள் தலைவர் எஃகு ஸ்கேலை எடுத்துப் புள்ளிகளின் மேல் வைத்துப் பார்ப்பார். அதனால் அவருக்குப் பெயரே ஸ்கேல்.

படகு ஓட்டியவர் என் அக்காவின் கணவர். அக்காவுக்குத் திருமணமானபோது எனக்கு ஏழு வயது. அன்றிலிருந்து அத்தானுக்கு நான் பொடிசு. வேலைக்குப் போன பிறகும் பொடிசுதான். நீர்வழங்கல் துறையின் படகை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். அந்தப் படகை நிறுத்தியபோது நான்தான் ஸ்கேலிடம் சொல்லி அவரை எங்களோடு சேர்த்துவிட்டேன்.

முதல் கோடையில் அந்த அரை மணி நேரம் எனக்கு விடுமுறை போல இருந்தது. நங்கூரம் போட்டுவிட்டால் நீர் கண்ணாடியாகிவிடும். வானத்தின் நடுவில் நாங்கள் இருவரும் ஒரு வாளியும் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

"போதும் பொடிசு, வாளிக்கு மூச்சு முட்டுது. எடுத்துடு."

"பேசாதீங்க அத்தான். படகு ஆடும்."

"பேசினா ஆடுமா? உங்க அக்கா பேசுற பேச்சுக்கு எங்க வீடு எப்பவோ கவுந்திருக்கணுமே!"

சில அளவுகளில் மூன்றாவது புள்ளியோ நான்காவதோ கோட்டை விட்டு மேலே குதித்தது. ஸ்கேல் தாளைத் தள்ளிவிடுவார்.

"யார் அசைஞ்சது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. படகு ஆடினால் அடிச்சேறு கலங்கும், அதில் சிக்கிய வாயு மேலே வரும், ஏரி தானாக விடாததை நாம் அளந்துவிடுவோம். அப்படிப்பட்ட அளவைத் தள்ளிவிட வேண்டும். தள்ளியதற்குக் காரணமும் எழுத வேண்டும். படிவத்தில் அதற்கு இரண்டே கட்டங்கள்: 'குப்பி கசிந்தது', 'படகு ஆடியது'. குப்பி என் பொறுப்பு. படகு அத்தானுடையது.

நான் இரண்டாவதில் குறியிட்டேன்.

"நான் அசையவே இல்லையே," என்றார் அத்தான், முதல் தடவை.

"உங்களுக்கே தெரியாம லேசா ஆடியிருக்கும் அத்தான்."

எனக்கு அது பேச்சுவாக்கில் வந்த ஒரு வார்த்தை. அவருக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் கோடையில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்தார். மூன்றாவதில் பேச்சை நிறுத்திவிட்டார். இருமல் வந்தால் முகம் சிவக்கும்வரை அடக்குவார். குதிக்கும் புள்ளிகள் குறையவில்லை. தன் கைதான் நடுங்குகிறதோ என்று மருத்துவரிடம் காட்டினார்; அவர் ஒன்றும் இல்லை என்றார். வேறொரு மருத்துவர் நரம்பாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். நான்காம் கோடை முடிவில் துடுப்புகளைத் துடைத்துக் கிடங்கில் வைத்துவிட்டு, "என் கையால உன் வேலை கெட வேணாம்மா," என்றார். பொடிசு என்று சொல்லவில்லை.

ஐந்தாம் கோடையில் புதுக் கருவி வந்தது. ஏரி நடுவில் ஒரு கம்பத்தில் பெட்டியைப் பொருத்தினோம். நிமிடத்துக்கு ஒரு முறை தானே அளந்து தானே எழுதிக்கொள்ளும். ஆளும் இல்லை, படகும் இல்லை. ஒரு வாரம் கழித்து ஸ்கேலின் கணினியில் அதன் வரைபடத்தைத் திறந்தோம். கோடு படிக்கட்டு மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் சாய்வாகப் போகும், திடீரென்று ஒரு குதி. மறுபடி சாய்வு, மறுபடி குதி.

ஸ்கேல் வெகுநேரம் பார்த்தார்.

"இது ஏரிதான்மா. யாரும் கலக்கல. சேறு தானா குமிழி விடுது." பிறகு மெதுவாகச் சொன்னார். "இத்தனை வருஷமா நாம அளந்தது கால்வாசிகூட இல்ல."

நான்கு வருட அறிக்கைகள் வெளியே போய்விட்டன. யாரோ அவற்றை மற்ற ஏரிகளின் கணக்கோடு கூட்டி அச்சிட்டும் விட்டார்கள்.

"தள்ளினதோட எண்கள் இருக்கா?"

"கணினியில ஏத்தல சார். நீங்கதான் ஏத்த வேணாம்னீங்க."

"குப்பி?"

"கழுவி மறுபடி எடுத்துக்கிட்டோம்."

எஞ்சியது படிவங்கள் மட்டுமே. அன்று மாலைவரை உட்கார்ந்து புரட்டினேன். படகு ஆடியது, படகு ஆடியது, படகு ஆடியது. முன்னூற்றுப் பன்னிரண்டு முறை, என் பேனாவில்.

மறுநாள் அக்கா தொலைபேசியில் அழுதாள். மகள் கைக்குழந்தையோடு வந்து இரண்டு மாதமாகிறது. "ஒரு தடவைகூட பேத்தியத் தூக்கலடி. கீழ போட்டுடுவேன்னு பயப்படுறாரு."

வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு அடுத்த நாள் காலையிலேயே அக்கா வீட்டுக்கு மூன்று மாடி ஏறினேன். அத்தான் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். அக்கா எனக்கு முழு டம்ளர் தேநீரும் அவருக்கு அரை டம்ளரும் கொண்டுவந்து வைத்தாள். அரை டம்ளர் ஏன் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தாளை அவர் மடியில் விரித்துப் படிக்கட்டுகளைக் காட்டினேன். ஆளே இல்லாத ஏரி, அத்தான். பாருங்கள். அவர் விரலை வைக்காமல், கண்ணால் மட்டும் ஒவ்வொரு படியாக ஏறினார்.

"அப்போ மாத்திரைய ஏரிக்குக் குடுத்திருக்கணும்," என்றார்.

அக்கா சிரித்துவிட்டாள். வருடக்கணக்கில் கேட்காத குரல் அது. அதே வேகத்தில் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்து, "இந்தாங்க, பிடிங்க," என்று நீட்டினாள்.

அவர் நாற்காலியின் முதுகோடு ஒட்டிக்கொண்டார்.

"வேணாம். அது இந்த வருஷத்து ஏரி. அப்போ ஆடினது நான்தான். இவ எதிர்லதானே உக்காந்திருந்தா? பாத்துத்தானே எழுதினா?" என் பக்கம் திரும்பினார். "ஸ்கேல் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்மா. நீ எழுதின."

அக்காவும் என்னைப் பார்த்தாள். குழந்தை அவள் நீட்டிய கைகளிலேயே இருந்தது.

"நான் பாத்தேன் அத்தான்," என்றேன். "நீங்க அசையல. ஒரு நாளும் அசையல. வாளிக்குப் பக்கத்துல குமிழி வந்து உடையறதையும் பாத்தேன். குப்பி கசிஞ்சதுன்னு எழுதினா தப்பு என் மேல வரும். அதான் படகுன்னு எழுதினேன். தெரிஞ்சேதான் எழுதினேன்."

நான்கு வருடம் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். அவர் கத்துவார், எழுந்து போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அதற்காகவே ஏங்கினேன் என்றும் சொல்லலாம். கோபம் வந்தால் நம்பிவிட்டார் என்று அர்த்தம்.

அவர் முகம் இளகியது. காய்ச்சலில் உளறும் பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"எனக்காகப் பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்காதம்மா. நீ அப்படிப்பட்டவ இல்லன்னு எனக்குத் தெரியாதா?"

"இல்ல அத்தான், நெஜமாவே..."

"சரி, சரி. விடு."

குழந்தை அழத் தொடங்கியது. அக்கா ஒரு கணம் நின்றாள். பிறகு அதைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் நம்பும்படி சொல்ல வேறு வார்த்தை தேடினேன். படிவங்களைக் கொண்டுவந்து காட்டலாம். அவற்றிலும் என் கையெழுத்தில் அதேதான் இருக்கும்.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. அத்தான் தாளைப் பக்கத்தில் வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். என் தோளைத் தட்டிக்கொடுக்க ஒரு கையைத் தூக்கினார். அது பாதி வழியில் நடுங்கியது. இருவரும் பார்த்தோம்.

அவர் கையை இறக்கிக்கொண்டார்.