மாறன்

அப்பாவுக்குக் கைபேசியில் எழுத வராது. ரப்பர் பால் வெட்டிக் காய்த்துப்போன விரலுக்கு அந்தச் சின்ன எழுத்துகள் சிக்குவதில்லை. அவர் பேசுவார்; அது எழுதிக்கொள்ளும். முடிக்கும்போது "வாறேன்" என்பார். எங்கள் குழித்துறைப் பேச்சு அதற்குப் பிடிபடாது. ஒவ்வொரு முறையும் "மாறன்" என்று போட்டுவிடும்.

"யாருப்பா அந்த மாறன்? எல்லா மெசேஜுக்க கடைசியிலயும் வந்து நிக்கான்!" என்று அக்கா சகாயசெல்வி கேலி செய்வாள். அம்மா சிரித்துச் சிரித்து இருமுவாள்.

அம்மா போன மழைக்காலத்தில் இறந்துவிட்டாள். அக்கா இரணியலில், மாமியார் வீட்டில். நான் மஸ்கட்டில், ஒரு சூப்பர் மார்க்கெட்டின் மீன் பிரிவில். முட்டுவலி வந்ததில் அப்பாவுக்குப் பால்வெட்டும் நின்றது. குடி கூடியது. சர்ச்சுக்குப் போவதையும் விட்டார். துக்கம்தானே, தானாகச் சரியாகும் என்று நானும் அக்காவும் பேசிக்கொண்டோம்.

இன்று மதியம் அவரிடமிருந்து வந்தது:

"எபின் மக்கா கோழி எல்லாம் மரியஜானுக்கு குடுத்தாச்சு அம்மைக்க சேலையும் குடுத்தாச்சு நீயும் அக்காளும் சண்டை போடாம இருக்கணும் நேரத்துக்கு சாப்பிடு போறேன்"

கைபேசி ஒரு பிழைகூட விடவில்லை.

படியிறங்கும்போது எங்கள் வீட்டில் யாரும் 'போறேன்' சொல்லக்கூடாது. வாய்தவறிச் சொன்னால் அம்மா திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்து, 'வாறேன்' சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். பீடி வாங்கப் போனாலும் அப்பா 'வாறேன்' என்றுதான் இறங்குவார்.

அவரை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். பக்கத்து வீட்டு மரியஜான் அண்ணனும் எடுக்கவில்லை. மீன் வெட்டும் கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றாமல், "அண்ணே அப்பாவ ஓடிப்போய் பாருங்க" என்று கைபேசியிடம் கத்தி அவருக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"என்னடே கெடந்து பதறுக? இப்பந்தான் கோழியத் தந்துட்டுப் போனாரு. நல்லாத்தானே இருந்தாரு."

"போறேன்னு அனுப்பியிருக்காருண்ணே."

"கடைக்குப் போறாரா இருக்கும்."

"அப்பா என்னைக்காவது போறேன்னு சொல்லிக் கேட்டிருக்கியளா?"

செருப்பை இழுத்து மாட்டும் சத்தம். பிறகு ஓடும் சத்தம். கதவை இடிக்கும் சத்தம்.

"அண்ணாச்சி! செல்வதாஸ் அண்ணாச்சி! கதவத் திறங்க!"

ஐஸ் பெட்டியின் மேல் சாய்ந்துகொண்டேன். மறுபடியும் கதவை இடித்தார். யாரோ என்னிடம் விலை கேட்டார்கள். கடவுளே, ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம்.

தாழ்ப்பாள் விழுந்தது.

"எதுக்குடே இந்தக் கூப்பாடு?" அப்பாவின் குரல்.

மரியஜான் கைபேசியை அவர் காதில் வைத்தார். கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே ஊட்டிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"அப்பா, சாவணும்னு தோணுதா?"

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"வீட்டுல ஒரு அனக்கம் இல்ல, ஒரு சத்தம் இல்ல மக்கா. நான் இருந்து ஆருக்கு என்ன? உங்களுக்கும் பாரம்."

"பாரம்னு ஆருப்பா சொன்னா?"

அவர் அழுதார். அம்மாவின் அடக்கத்தில்கூட அழாதவர்.

"ஒத்தைக்கு விடமாட்டேன்டே, நீ வையி" என்றார் மரியஜான். நான் சொன்னதும் அக்கா 104 மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்து விவரம் சொன்னாள். ஒரு நிமிடமும் தனியே விட வேண்டாம், இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள் என்றார்களாம். இரணியலிலிருந்து அப்போதே ஆட்டோ பிடித்தாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவின் செய்தி வந்தது:

"செல்விக்க தொந்தரவு தாங்கல சாயா குடிச்சாச்சு டாக்டர் உள்ள விளிக்காரு"

அவ்வளவுதான். கடைசியில் எதுவும் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் திட்டினார். திட்டட்டும்.

பிறகு, தனியாக ஒரு சொல் வந்து விழுந்தது.

"மாறன்"

நாளைக்கும் அவன் வர வேண்டும். அதற்கு மறுநாளும்.